எந்தக் கண்ணாடி

அத வச்சிடுங்க சார். கருப்புக் கண்ணாடி வேண்டாம். போட்டோவுக்கு நல்லா இருக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க நாளைக்கு வெயில்லயா போகப் போறீங்க? தேயிலைக் காட்டுல எறங்கி சோலைக்குள்ள போற பாதை அது. பகல் பதினோரு மணிக்கே அங்க விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருக்கும். அதுலயும் இப்ப ஐப்பசி மழை. கருப்பப் போட்டுக்கிட்டுப் போனா எது வேரு, எது குழின்னு தெரியாது. தெரியறதுக்குள்ள கீழ கெடப்பீங்க.

இந்தாங்க, இது வெள்ளை. போட்டுப் பாருங்க. அப்படி இல்ல சார், நாடாவ ஹெல்மெட்டுக்கு மேல விடணும். ஆங், அப்படித்தான். கன்னத்துல பஞ்சு ஒட்டி நிக்குதா? விரல் நுழையற அளவுக்கு சந்து இருந்தா சொல்லுங்க, வேற அளவு எடுத்துத் தர்றேன். சேறு எதிர்ல இருந்துதான் வரும்னு நினைக்காதீங்க. உங்க முன் சக்கரமே கீழ இருந்து மேல அடிக்கும். கன்னத்துல பட்டு, அப்படியே வழுக்கிக் கண்ணுக்குள்ள போயிடும்.

உக்காருங்க. இந்த மழையில நீங்க எங்கயும் போக முடியாது. டீ சொல்லட்டுமா? வேண்டாமா, சரி.

கோத்தகிரில வாடகை சைக்கிள் குடுக்கற கடை இன்னும் ரெண்டு இருக்கு. அங்கெல்லாம் கண்ணாடியப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. ஆதார் காப்பிய வாங்கிக்கிட்டு சைக்கிளத் தள்ளி விட்டுடுவாங்க. லிங்கம் சைக்கிள்ஸ்ல அப்படி இல்ல. கண்ணாடி போடாத ஆளுக்கு சைக்கிள் கிடையாது. நான்தான் லிங்கம், தர்மலிங்கம். போர்டுல இருக்கற படம் இருபது வருஷத்துக்கு முந்தி எடுத்தது, அதான் அடையாளம் தெரியல உங்களுக்கு.

இந்தக் கண்ணாடியெல்லாம் புதுசா வாங்கிப் பரப்பி வச்ச அன்னிக்கு, எதிர்த்த மளிகைக்கடை பாலையா வந்தாரு. எல்லாத்தையும் பாத்துட்டு, "என்ன லிங்கம், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா"ன்னாரு. வழக்கமா ஜனங்க சொல்றதுதான சார், யோசிச்சா சொல்றாங்க. சொல்லி முடிச்சதும் அவரே நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. மூஞ்சி செத்துப் போச்சு மனுஷனுக்கு. அதுக்கப்புறம் ஒரு மாசம் இந்தப் பக்கமே வரல. எனக்கு ஒண்ணும் தோணல சார். நல்ல பழமொழிதான் அது.

அதுவா? ஆணியில தொங்கறதா? அது விக்கறதுக்கு இல்ல. அதே மாதிரிதான் உங்க கையில இருக்கறதும், அதே கம்பெனி, அதே வெள்ளை. அது என் பொண்ணுது. நிரோஷா. நிரோன்னு கூப்பிடுவோம். வாராவாரம் தண்ணி ஊத்திக் கழுவி மாட்டிடுவேன். கழுவும்போது மட்டும் துணி போட்டுத் துடைக்கக்கூடாது சார், இத ஞாபகம் வச்சுக்குங்க. சேத்துல மணலு இருக்கும். பனியன எடுத்து ஒரு தடவ துடைச்சீங்கன்னா கண்ணாடி பூராவும் கோடு விழுந்துடும், அப்புறம் எதிர்ல வர்ற வெளிச்சமெல்லாம் சிதறித் தெரியும். தண்ணிய ஊத்துங்க, உதறுங்க, அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடிய வாங்க நாங்க ஒரு மழைக்காலம் பூரா அலைஞ்சோம். வர்ற கார்த்திகை வந்தா ரெண்டு வருஷம்.

அப்ப நிரோ ஃபாரஸ்ட் கார்டு பரீட்சை எழுதியிருந்தா. எங்கப்பா சிலோன்ல இருந்து கப்பல்ல வந்து இங்க தேயிலைக்கு மருந்தடிச்ச ஆளு. நான் பஞ்சர் ஒட்டினவன். எங்க குடும்பத்துல காக்கி போடற மொத ஆளு இவதான்னு வச்சுக்குங்க. எழுத்துத் தேர்வுல பாஸாயிட்டா. ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் பஸ் ஸ்டாண்டுல ஃபிளெக்ஸ் வச்சேன், அவ போட்டோ போட்டு. அவ வேண்டாம்பா வேண்டாம்பான்னு சொன்னா. வீட்டுல என் சம்சாரம் யோகேஸ்வரியும் வேண்டாம்னா. ஊர்க் கண்ணு படும்னா. இன்னிக்கு வரைக்கும் அவ கணக்குல அந்த ஃபிளெக்ஸ்தான் காரணம். நானும் ஆமா ஆமான்னு கேட்டுக்குவேன்.

எழுத்துத் தேர்வுக்கு அப்புறம் நடை, அதுக்கப்புறம் உடம்பு பரிசோதனை. மலைப் பாதையில மணிக்கணக்கா நடக்கணும். அதுக்கு மூச்சு பிடிக்கணும்னு சைக்கிள எடுத்தா. மழையோ பனியோ, காலைல ஆறு மணிக்கு எறங்கிடுவா. எறங்கிப் போய் திரும்பி வந்தா மூஞ்சி பூரா சேறு, கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கும். யோகம் திட்டுவா, "கண்ணு டெஸ்ட் இருக்குதுடி, ரெண்டு கண்ணும் பளிச்சுன்னு இருக்கணும்"னு. அப்பதான் நான் கண்ணாடி தேட ஆரம்பிச்சேன்.

மொதல்ல லேத் பட்டறையில வெல்டிங் கண்ணாடி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். சிரிக்காதீங்க. எனக்கு என்ன தெரியும், கண்ண மூடினாப் போதும்னு நினைச்சேன். அவ அதப் போட்டுக்கிட்டு கடைக்குள்ளயே ஸ்டாண்டுல மோதிட்டா. அப்புறம் கூலிங் கிளாஸ். சோலைக்குள்ள போனா ராத்திரி மாதிரி இருக்குதுப்பான்னா. அப்புறம் ஹார்டுவேர் கடையில வெள்ளை பிளாஸ்டிக் ஒண்ணு, இந்தக் காலேஜ் லேப்ல போடுவாங்கள்ல, அது. நல்லா மூடும், கெட்டி. ஆனா காத்து போக ஓட்டையே கிடையாது. நூறடி மிதிச்சதும் உள்ள ஆவி படிஞ்சிடும். கண்ணுக்கு முன்னாடி பாலக் காய்ச்சி ஊத்தின மாதிரி. ஒரு நாள் அப்படியே தேயிலைச் செடிக்குள்ள போய் உக்காந்துட்டு வந்தா. முட்டியெல்லாம் சிராய்ப்பு. "அப்பா, என்னை வேலைக்குப் போக விடறதா இல்ல நீங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா.

கடைசியா பெங்களூர்ல இருந்து கொரியர்ல வரவழைச்சதுதான் அந்த ஆணியில தொங்கறது. மேலயும் கீழயும் சின்னச் சின்னத் துளை, உள்ள ஆவி படியாம இருக்க பூச்சு, கன்னத்துக்கு பஞ்சு, பின்னாடி நாடா. போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னா. "அப்பா, தவளை மாதிரி இருக்கேன்"னா. "தவளைக்குத்தாண்டி மழைக்காலத்துல மவுசு"ன்னேன். அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தேன் சார். இப்ப நினைச்சா, சந்தோஷமா இருந்தேன்னு தெரியுது. எப்படி இருந்துச்சுன்னுதான் ஞாபகம் வரல.

ஒண்ணு மட்டும் சொல்லணும், உங்களுக்கும் ஆகும். எவ்வளவு நல்ல கண்ணாடியா இருந்தாலும், பனியில சும்மா நின்னுக்கிட்டு இருந்தா ஆவி படியும். ஓட ஆரம்பிச்சா காத்து பட்டு சரியாயிடும். அதனால பொறப்படறதுக்கு முன்னாடி கழுத்துல தொங்க விட்டுக்குங்க. மிதிக்கப் போறப்ப போடுங்க. கழட்டி எங்கயும் வச்சுட்டுப் போயிடாதீங்க. அதுக்குத்தான் இவ்வளவும் சொல்றேன்.

அப்புறம் இன்னொரு விஷயம். மேல தொங்குதே, பச்சை சைக்கிள், அதுவும் நிரோவோடதுதான். வலது கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கண்ணாடி இருக்கு பாத்தீங்களா, பின்னாடி வர்ற வண்டியப் பாக்கறதுக்கு. உங்களுக்குத் தர்ற சைக்கிள்லயும் அது இருக்கும். மலை சைக்கிளுக்கு யாரும் அத மாட்டமாட்டாங்க, நான் மாட்டுவேன். ரோட்டுல ஏறும்போது வளைவுல பஸ்காரன் உரசிக்கிட்டு வருவான். ஆனா தேயிலைப் பாதையில எறங்கும்போது அது எடஞ்சல். ஒத்தையடிப் பாதை சார், செடியில மாட்டும், பக்கத்துல வர்றவன் விலாவுல குத்தும். அதனால எறங்கறதுக்கு முன்னாடி இந்தக் கண்ணாடியக் கழட்டிடணும்.

பாத்தீங்களா. அதுவும் கண்ணாடிதான். இதுவும் கண்ணாடிதான். சுவத்துல மாட்டறதும் கண்ணாடி, நான் மூக்குல போட்டிருக்கறதும் கண்ணாடி. தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையா வச்சுட்டாங்க. யாரக் கேக்கறது.

கார்த்திகையில இங்க சேத்து ரேஸ் ஒண்ணு நடக்கும், நானும் பக்கத்து ஊரு அரவேணுல இருக்கற எட்வினும்தான் நடத்துவோம். எட்வின் ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். கொடி, நம்பர் துணி எல்லாம் அவர் பொறுப்பு. சைக்கிளப் பாக்கறதும், விசில் ஊதி அனுப்பறதும் நான். அந்த வருஷம் முப்பத்தி நாலு பேர். நிரோவும் பேர் குடுத்திருந்தா. ஜனவரில நடை, அதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா மூச்சு வாங்கிப் பாத்துக்கறேன்பான்னா. நல்லதுதானேன்னேன்.

அன்னிக்குக் காலைல பனின்னா பனி. பத்தடியில நிக்கற ஆளு தெரியல. நான் மேஜையப் போட்டு உக்காந்து, கையில ஸ்குரூ டிரைவரோட ஒவ்வொரு சைக்கிளாப் பாக்கறேன். முக்கால்வாசி என் கடை சைக்கிள்தான். எல்லாத்துலயும் கண்ணாடி. ஒருத்தன் வருவான், "அண்ணே, கண்ணாடியக் கழட்டிடணுமா?" "கழட்டிடு." அடுத்தவன், "அண்ணே, கண்ணாடி?" "கழட்டிடு கழட்டிடு." இப்படியே முப்பது தடவ சொல்லியிருப்பேன் சார். வாய் தானா சொல்லுது. கை தானாத் திருகுது.

அப்ப பின்னாடி இருந்து நிரோ கேட்டா. "அப்பா, கண்ணாடியக் கழட்டிடட்டுமா? ஒண்ணுமே தெரியல."

நான் குனிஞ்சு ஒரு நட்டோட போராடிக்கிட்டு இருக்கேன். திரும்பல. "கழட்டிடு கண்ணு, கண்ணாடியோட போனா குத்தும்"னேன்.

ஒண்ணுமே தெரியலன்னு அவ சொன்னது இந்தக் கண்ணாடிய. ஆவி படிஞ்சு தெரியலன்னு. நான் சொன்னது சைக்கிள் கண்ணாடிய. பின்னாடி ஒண்ணும் தெரியலங்கறான்னு நினைச்சேன், பனியில பின்னாடி என்ன தெரியும். நீங்களே சொல்லுங்க, இதுல யார் மேல தப்பு? யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. நான் இத எத்தனையோ பேர்கிட்ட சொல்லிட்டேன். கோயமுத்தூர்ல இருந்து வர்றவங்க, சென்னையில இருந்து வர்றவங்க, போன மாசம் ஒரு கண் டாக்டரே வந்திருந்தாரு, அவர்கிட்டயும் சொன்னேன். எல்லாரும் கேட்டுட்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க, வார்த்தை அப்படி"ன்னுதான் சொன்னாங்க. மறைக்கிறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல சார். கண்ணாடி வாங்க வர்ற எல்லார்கிட்டயும் சொல்றேன்.

விசில் ஊதினேன். எல்லாரும் போயிட்டாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு மேஜைப் பக்கம் திரும்பறேன், நோட்டுக்குப் பக்கத்துல அந்தக் கண்ணாடி கெடக்குது, நாடாவ அழகா மடிச்சு வச்சிருக்கா. அதப் பாத்தப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது.

பம்ப் ஹவுஸ் வளைவுல முன்னாடி போனவன் சக்கரம் தூக்கி அடிச்சிருக்கு. சேறு, அதுக்குள்ள பொடி ஜல்லியோ, கவாத்து வெட்டின தேயிலைக் குச்சியோ, என்னமோ ஒண்ணு. இடது கண்ணு. அவ நிக்கல சார். ஒரு கண்ண மூடிக்கிட்டே மிச்ச தூரத்தையும் ஓட்டி நாலாவதா வந்தா. எல்லாரும் சேத்துப் பொம்மையா வந்து நிக்கறாங்க, ஒரே சிரிப்பு. நானும் கைதட்டினேன். போன்ல போட்டோ எடுத்தேன். இன்னும் இருக்கு, காட்டறேன் பாருங்க. இதான். கண்ணடிக்கிற மாதிரி இல்ல? அன்னிக்குப் பாத்தவங்க எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க.

"அப்பா, உறுத்துதுப்பா"ன்னா. பாட்டில் தண்ணிய ஊத்திக் கழுவி விட்டேன். கையால தேய்க்காதன்னு சொல்றதுக்குள்ள தேய்ச்சுட்டா, கையுறையோட, அந்தச் சேத்தோட. சாயங்காலம் மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தேன். செவப்புக்கு நல்ல மருந்துன்னு அவர் சொன்னாரு. அஞ்சு நாள் ஊத்தினோம். செவப்பு கொஞ்சம் கொறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆறாம் நாள் கருவிழியில பொட்டு வச்ச மாதிரி வெள்ளையா ஒண்ணு. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டு ஓடினோம்.

பூஞ்சைன்னாங்க. மண்ணுல, செடியில இருக்கறதாம். ரெண்டு மாசம் அலைஞ்சோம். ஒவ்வொரு மணி நேரத்துக்கு ஒரு தடவ மருந்து விடணும், அலாரம் வச்சு யோகம் விடுவா. கடைசில கண்ணையே எடுத்துட்டாங்க. இப்ப இருக்கறது வச்ச கண்ணு. யாரும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு நல்லாப் பண்ணியிருக்காங்க. பக்கத்துல இருந்து பாத்தா மட்டும் அது அசையாது.

நடைக்கு அவ போகவேயில்ல. அதுக்கு வரச் சொல்லி வந்த கடுதாசிய மட்டும் மடிச்சு பீரோவுல வச்சிருந்தா. இப்ப இருக்கான்னு தெரியல.

யோகம் மார்ல அடிச்சுக்கிட்டு அழுதா. நான் அழல. எனக்கு வரல சார். "கல்லு மாதிரி நிக்கறீங்களே மனுஷா"ன்னு கேட்டா. இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணியில செயின் கழுவினா விரல் மரத்துப் போகும் பாத்தீங்களா, குத்தினாக்கூடத் தெரியாது, அப்படித்தான் ஆகிப்போச்சு. இன்னும் அப்படித்தான் இருக்கு. சாப்பிடறேன், தூங்கறேன், சைக்கிள் குடுக்கறேன். உப்பு கம்மியா இருக்குன்னு யோகம் சொன்னாத்தான் கம்மியா இருக்குன்னு தெரியும்.

ஆனா எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. அத மட்டும் சொல்லிடறேன்.

கோயமுத்தூர்ல மொத நாள் டாக்டர் கேட்டாங்க. "கண்ணுக்குப் பாதுகாப்பா ஒண்ணும் போட்டுக்கலையாம்மா?" நானும் யோகமும் பக்கத்துல நிக்கறோம். நான் வாயத் திறக்கறதுக்குள்ள நிரோ சொல்றா, "கண்ணாடி இருந்துச்சு டாக்டர். போட மறந்துட்டுப் போயிட்டேன்."

மறந்துட்டாளாம். யோகம் அங்கயே அவளப் புடிச்சுக்கிட்டா. "உங்கப்பா எங்கெங்க தேடி வாங்கிக் குடுத்தாரு, மறந்துட்டேங்கிறியேடி, உனக்குப் புத்தி எங்க போச்சு"ன்னு. அத்தனை பேர் முன்னாடி, ஒரு கண்ணுல கட்டுப் போட்டிருக்கற பொண்ணத் திட்டறா. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அப்ப நான் என்ன சொல்ல முடியும், சொல்லுங்க. இல்ல, அவ என்கிட்டக் கேட்டா, நான் கழட்டச் சொன்னேன்னா? அவளே மறந்துட்டேங்கறா. அதுக்கு மேல நான் எடுத்துப் பேசினா பொண்ணப் பொய்க்காரி ஆக்கற மாதிரி ஆகாதா? பேசாம நின்னேன். அப்புறம் நாள் போச்சு. போகப் போக அத எடுக்கறதுக்கு நேரமே வரல. யோகத்துக்கு இன்னிக்கு வரைக்கும் மறந்துட்டுப் போனதுதான் கதை. அப்பப்ப சொல்லுவா, "ஒரு மறதிக்கு ஒரு கண்ணக் குடுத்துட்டா"ன்னு. நான் கடைக்கு எறங்கி வந்துடுவேன்.

ஏன் சார் அப்படிச் சொன்னா? அதுதான் என் கேள்வி. அப்பாகிட்டக் கேட்டேன், அப்பா கழட்டச் சொன்னாருன்னு சொல்ல வேண்டியதுதான? நான் உடனே சொல்லியிருப்பேன், நான் சைக்கிள் கண்ணாடியச் சொன்னேம்மான்னு. அத்தோட முடிஞ்சிருக்கும். தப்பு பண்ணாதவனுக்குப் போய் எதுக்கு மறைப்பு? மறைச்சதாலதான நான் என்னமோ பண்ணிட்ட மாதிரி ஆகிப்போச்சு. அத அவகிட்டக் கேக்கணும்னு இருக்கேன். ரெண்டு வருஷமா இருக்கேன்.

இப்ப கோயமுத்தூர்ல ஒரு டிராவல்ஸ் ஆபீஸ்ல டிக்கெட் போடற வேலை. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. அம்மாகிட்ட அரை மணி நேரம். என்கிட்ட, "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன் கண்ணு." "சரிப்பா." அவ்வளவுதான். கோபமா இருக்கான்னு சொல்ல முடியாது. மரியாதையாத்தான் பேசறா. அப்படி மரியாதையா அவ மொதல்ல பேசினதேயில்ல.

இன்னிக்கு வர்றா. மூணு மணி பஸ்ல. பொங்கலுக்கு அப்புறம் இப்பதான் வர்றா. மேல வீட்டுல காலைல இருந்து யோகம் அடுப்ப அணைக்கவேயில்ல, வாசனை வருது பாருங்க. நான்தான் பஸ் ஸ்டாண்டு போய்க் கூட்டிட்டு வரணும். பத்து நிமிஷ நடை. பத்து நிமிஷமும் என்ன பேசறதுன்னு தெரியல. கேட்டுடலாமான்னு இருக்கு. என்ன சார், மேலயே பாக்கறீங்க?

ஆமா. சைக்கிள்தான்.

ஆமா சார், கண்ணாடி அதுலயேதான் இருக்கு. ரேஸ் முடிஞ்சு எப்படி வந்துச்சோ அப்படியே தூக்கி மாட்டிட்டேன், நான் ஒண்ணும் தொடல. சேறு காஞ்சு உதிர்ந்ததுதான். கழட்டல. அவ கழட்டினது வேற கண்ணாடிதான, அதத்தான் இவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

இல்ல, நீங்க என்ன கேக்கறீங்கன்னு புரியுது. இது வரைக்கும் இத யாரும் கேட்டதில்ல. அந்தக் கண் டாக்டர்கூடக் கேக்கல.

பாத்தேன் சார். வரிசையில நிக்கும்போது பாத்தேன். அவ மொத வரிசைல எனக்கு நேரா நிக்கறா, இதோ உங்களுக்கும் எனக்கும் இருக்கற தூரம்தான். கைப்பிடியில கண்ணாடி இருக்கு. கழட்டச் சொன்னேனே, இன்னும் கழட்டலையேன்னு நினைச்சேன். அப்புறம் மூஞ்சியப் பாத்தேன். மூஞ்சி வெறும் மூஞ்சியா இருக்கு. அப்பவே தெரிஞ்சு போச்சு எனக்கு, அவ எதக் கழட்டினான்னு. மேஜையப் பாத்தப்புறம் இல்ல. அப்பவே.

முப்பத்தி நாலு பேர் நிக்கறாங்க. தூறல் ஆரம்பிச்சு, பனி கொஞ்சம் விலகியிருக்கு. எட்வின் அந்தக் கடைசில இருந்து கையக் காட்டறாரு. பஞ்சாயத்துத் தலைவரு கொட கூட இல்லாம நிக்கறாரு. நான் ஏற்கனவே கையத் தூக்கிட்டேன். ஒரு நிமிஷம் நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம். ஓடிப் போய் எடுத்துட்டு வாடின்னு சொல்லியிருக்கலாம், மேஜை பத்தடியிலதான் இருக்கு. தோணல சார். சத்தியமா எனக்கு ஒண்ணும் தோணல. ஒரு தடவ தானன்னுகூட நினைக்கல. அவ என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தா. நான் அவ மூஞ்சியப் பாத்தது அவளுக்குத் தெரியும். லேசாச் சிரிச்சா.

விசில் என் வாயிலதான் இருந்துச்சு. ஊதிட்டேன்.

அதுக்கப்புறம்தான் மத்தது எல்லாம்.

மழை விட்டுடுச்சு போல. கூரையில சத்தம் கொறைஞ்சிருக்கு. அந்தக் கண்ணாடி பொருத்தமா இருக்கா உங்களுக்கு? அழுத்தலையே? சரி, அதையே...

ஒரு நிமிஷம் சார். யோகம் கூப்பிடறா.

என்னாம்மா?

ஆங்?

கண்ணாடியா? எந்தக் கண்ணாடி?

சரி சரி. இருக்கு, ஞாபகம் இருக்கு. இதோ வர்றேன்.

ஒண்ணும் இல்ல சார். கை கழுவற எடத்துல சுவத்துல ஒரு கண்ணாடி இருக்கு. போன தடவ வந்தப்ப நிரோ அது முன்னாடியே ரொம்ப நேரம் நின்னுட்டா. ஒரு கண்ண மூடறதும் திறக்கறதுமா. யோகம் பாத்துட்டு அன்னிக்கு பூரா அழுதா. அதனால அவ வர்றதுக்குள்ள அதக் கழட்டி வச்சிடணுமாம். காலைல இருந்து கண்ணாடியக் கழட்டிட்டீங்களா, கழட்டிட்டீங்களான்னு இதோட நாலாவது தடவ. பாருங்க, இவளும் அப்படித்தான். எந்தக் கண்ணாடின்னு சொல்லவே மாட்டா. நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

அந்த ஸ்குரூ டிரைவரக் கொஞ்சம் எடுங்க சார். உங்க கைக்குப் பக்கத்துலதான் இருக்கு.